படிக்கும்போதே சொந்தமா தொழில் ஆரம்பிக்கணும்னு சில பேருக்கு ஏன் தோணுது?

கேட்டவங்க எழுதியிருந்தது இதுதான்: காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிற தம்பி, வேலைக்கெல்லாம் போகமாட்டேன், சொந்தமா தொழில்தான் பண்ணுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான், இந்த வயசுல இந்த எண்ணம் எங்கிருந்து வருது, காசு ஆசையா, பெரிய ஆளுங்களப் பார்த்து வர்ற வேகமா, இல்ல நிஜமாவே உள்ள ஏதோ இருக்கா, அதை எப்படித் தெரிஞ்சுக்கிறதுன்னு.

நான் பதினாலு வருஷமா யுனிவர்சிட்டி பசங்க ஆரம்பிக்கிற சின்னச் சின்ன தொழில்களுக்குக் கூட உக்காந்து வழிகாட்டுற வேலைல இருக்கேன். இந்தக் கேள்விய அப்பா அம்மாக்களும் அண்ணன் அக்காக்களும் என்கிட்ட நிறைய தடவ கேட்டிருக்காங்க, ரெண்டு வரில பதில் சொல்லி அனுப்ப மனசு வரல, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

காசு விஷயத்த முதல்ல பேசிடலாம், எல்லாரும் அதைத்தான் முதல்ல நினைக்கிறாங்க. காசு ஒரு காரணம்தான், ஆனா அது மட்டும்தான்னு சொன்னா கணக்கு இடிக்குது. பார்டன் ஹாமில்டன்னு ஒரு பொருளாதார ஆய்வாளர் அமெரிக்காவுல சொந்தத் தொழில் பண்றவங்களோட வருமானத்த ஆராய்ஞ்சு 2000-ல வெளியிட்டாரு. பத்து வருஷம் தொழில் நடத்தினவங்கள வரிசையா நிக்கவெச்சா நடுவுல நிக்கிறவரோட வருமானம், அவரு அதே பத்து வருஷம் ஒரு வேலைல இருந்திருந்தா என்ன வாங்கியிருப்பாரோ அதைவிட 35% கம்மி. கம்மியா வந்தும் விடாம பண்றாங்கன்னா வேற ஏதோ ஒண்ணு அவங்கள பிடிச்சு வெச்சிருக்குன்னு தானே அர்த்தம்.

அந்த வேற ஏதோ ஒண்ணு பெரும்பாலும் சுதந்திரம். மத்தியாஸ் பென்ஸ், புருனோ ஃப்ரேன்னு ரெண்டு பேரு 23 நாட்டுத் தகவல எடுத்து 2008-ல ஒரு ஆய்வு போட்டாங்க, சொந்தத் தொழில் பண்றவங்க சம்பளத்துக்கு இருக்குறவங்கள விட வேலைல திருப்தியா இருக்காங்க, அந்தத் திருப்தி முக்கியமா வேலை சுவாரசியமா இருக்குறதுலயும் தன் இஷ்டப்படி செய்ய முடியுறதுலயும்தான் வருதுன்னு கண்டாங்க. மாணவர்கள் விஷயத்துல இதுக்கு இன்னும் கனம் ஜாஸ்தின்னு எனக்குத் தோணும். யோசிச்சுப் பாருங்க, பதினஞ்சு பதினாறு வருஷமா எந்த நேரத்துக்கு எங்க உக்காரணும், எதைப் படிக்கணும், எந்தத் தேதில எழுதணும், எத்தனை மார்க் வாங்கினா நல்ல பையன், எல்லாத்தையும் வேற யாரோதான் முடிவு பண்ணியிருக்காங்க. அப்படி வளர்ந்த ஒரு பிள்ளை தானே ஒரு முடிவு எடுத்து, அது பலிச்சோ பலிக்காமலோ அதோட விளைவ தன் கண்ணால பார்க்கிறது வாழ்க்கைலயே முதல் தடவையா இங்கதான் நடக்குது. அந்த ருசி ஒரு தடவ பட்டுட்டா விடாது. ஆனா இதுலயே ரெண்டு ரகம் உண்டு, யாரும் என்னைக் கேள்வி கேக்கக்கூடாதுன்னு தப்பிச்சு ஓடுற சுதந்திரம் ஒண்ணு, இதை நான் நினைக்கிற மாதிரி செஞ்சு பார்க்கணும்ங்கிற சுதந்திரம் இன்னொண்ணு. முதல் ரகத்துல வர்றவங்க ரொம்ப சீக்கிரம் சோர்ந்துடுறாங்க, ஏன்னா மேனேஜர் ஒருத்தருக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்துல வாடிக்கையாளர் நாப்பது பேருக்குப் பதில் சொல்ல வேண்டி வருது.

இப்ப ஒரு முக்கியமான விஷயம். ஆசை அபூர்வமான பொருள் இல்ல. கெஸ்ஸுன்னு ஒரு சர்வதேச ஆய்வு இருக்கு, ஸ்விட்சர்லாந்துல செயின்ட் கேலன் யுனிவர்சிட்டில 2003-ல ஆரம்பிச்சது, மாணவர்கள் படிப்பு முடிஞ்சு என்ன பண்ண நினைக்கிறாங்கன்னு சில வருஷத்துக்கு ஒரு தடவ பல நாட்டுல கேப்பாங்க. 2018-ல 50-க்கும் மேல நாடுகள், 2 லட்சத்துக்கும் மேல மாணவர்கள். படிப்பு முடிஞ்ச உடனே சொந்தத் தொழில்னு சொன்னவங்க சுமார் 9%. முடிஞ்சு அஞ்சு வருஷம் கழிச்சு என்ன பண்ணிட்டு இருப்பீங்கன்னு கேட்டா அதே மாணவர்கள்ல சுமார் 35% சொந்தத் தொழில்ங்கிறாங்க. இந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவுல இருக்குற ஆளுங்கதான் எனக்கு முக்கியம். அவங்களுக்கு ஆசை இருக்கு, ஆனா இப்ப வேண்டாம், கொஞ்சம் கத்துக்கிட்டு வர்றேன், கொஞ்சம் சேர்த்து வெச்சுட்டு வர்றேன்னு நிக்கிறாங்க. அதனால மாணவர்களை எது உந்துதுன்னு கேக்குறத விட, இருக்குற ஆசைய எது செயலாக்குதுன்னு கேட்டாத்தான் விஷயம் புரியும்.

ஆராய்ச்சியாளர்கள் இதுக்கு ரெண்டு சட்டகம் அதிகமா பயன்படுத்துவாங்க. ஷாபெரோவும் சோகோலும் 1982-ல சொன்னது ஒண்ணு: அது எனக்குப் பிடிச்சிருக்கணும், என்னால முடியும்னு தெரியணும், அதுக்கு மேல பழைய பாதைய மறிக்கிற மாதிரி ஏதோ ஒரு சம்பவம் நடக்கணும். ஐஸக் அய்சன் 1991-ல முழுசா எழுதின கோட்பாடு இன்னொண்ணு, அதுல மூணு விஷயம், அந்தச் செயல் பத்தின நம்ம மனநிலை, நமக்கு வேண்டியவங்க என்ன நினைப்பாங்கங்கிறது, நம்ம கட்டுப்பாட்டுல அது இருக்குன்னு நாம நம்புறோமாங்கிறது. ரெண்டுலயும் பொதுவா இருக்குறத கவனிச்சீங்களா, என்னால முடியும்ங்கிற நம்பிக்கை. என் அனுபவத்துல பூட்டு இருக்குற இடம் அதுதான், பிடிச்சிருக்குன்னு சொல்ல ஆயிரம் பேரு வருவாங்க, முடியும்னு நிஜமா நம்புறவன் அதுல பத்து பேரு.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்? ஆல்பர்ட் பாண்டூரா 1977-லயே இதுக்கு நாலு ஊற்று சொன்னாரு: தானே செஞ்சு ஜெயிச்சது, தன்னை மாதிரி ஒருத்தன் செய்றத பார்த்தது, அடுத்தவங்க உன்னால முடியும்னு சொன்னது, உடம்பும் மனசும் அந்த நேரத்துல இருக்குற நிலை. இதுல பலமானது முதல் ஊற்று, தானே செஞ்சு பார்த்தது. மேடைப் பேச்சும் வீடியோவும் மூணாவதுல சேரும், கேக்குறப்ப புல்லரிக்கும், ஒரு வாரத்துல இறங்கிடும்.

ஒரு பொண்ணு, எலக்ட்ரானிக்ஸ் படிச்சவ. ஹாஸ்டல் ரூம்ல ஒரு சால்டரிங் அயன் வெச்சு கூட இருக்குறவங்களோட ஹெட்போன் ஒயர், சார்ஜர் எல்லாம் சும்மா சரி பண்ணிக் கொடுத்துட்டு இருந்தா. தொழில்ங்கிற நினைப்பே கிடையாது. ஒரு நாள் பக்கத்து பிளாக்ல இருந்து முன்ன பின்ன தெரியாத ஒருத்தி வந்து ஹெட்போன நீட்டி, எவ்வளவு ஆகும்னு கேட்டிருக்கா. இவளுக்கு வாயே வரல, கேள்வி அப்படி வரும்னு அவ எதிர்பார்க்கவே இல்ல. வந்தவளே ஒரு தொகைய டேபிள் மேல வெச்சுட்டுப் போயிட்டா. அந்த ராத்திரி தூக்கம் வரலன்னு என்கிட்ட வந்து சொன்னப்ப அவ முகத்துல இருந்தத நான் இன்னும் மறக்கல. ஃப்ரெண்டுங்க நன்றி சொன்னப்ப வராத ஒண்ணு, தெரியாத ஆளு ஒருத்தி காசு வெச்சப்ப வந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு கோடு போட்ட நோட்டு எடுத்தா, தேதி, எந்த மாடல், எங்க போச்சு, எவ்வளவு நேரம் ஆச்சுன்னு நாலு கட்டம். ஒரு மாசம் போனதும் அந்த நோட்டே அவளுக்கு ஒரு விஷயத்தக் காட்டிக் கொடுத்துச்சு, வந்ததுல பாதிக்கு மேல ஒயர் பின்னோட சேர்ற அந்த ஒரே இடத்துலதான் அறுந்திருக்கு. அங்க மாட்டுறதுக்கு சின்னதா ஒரு ரப்பர் உறை பண்ணினா. அது பின்னாடி பெரிய கம்பெனி ஆச்சான்னு கேக்காதீங்க, ஆகல, படிப்பு முடிஞ்சதும் வேலைக்குப் போனா. ஆனா மூணு வருஷம் கழிச்சு வேலைய விட்டு ரெண்டு பேர சேர்த்துக்கிட்டு மருத்துவக் கருவி ரிப்பேர் தொழில் ஆரம்பிச்சா, முதல் நாள் பண்ணினது அதே நாலு கட்டம் போட்ட நோட்டு வாங்கினதுதான். அஞ்சு வருஷம் கழிச்சு சொந்தத் தொழில்னு சொன்ன அந்த 35% மாணவர்கள் பேச்சுல மட்டும் நின்னுடாம செயலுக்கு வர்றது இந்த மாதிரி ஒரு ராத்திரில இருந்துதான்னு நான் உறுதியா நம்புறேன்.

சரி, காலேஜ்ல இதுக்குன்னு பாடம் வெச்சா உந்துதல் வருமா? இதுல பதில் ஒரே மாதிரி இல்ல. சூட்டாரிஸும் அவரு கூட இருந்தவங்களும் லண்டன்லயும் கிரெனோபிள்லயும் அறிவியல், பொறியியல் மாணவர்கள வெச்சு 2007-ல போட்ட ஆய்வுல தொழில்முனைவுப் பாடம் எடுத்தவங்களுக்கு எண்ணம் கூடுச்சு, ஆனா கூட்டினது அதுல கத்துக்கிட்ட அறிவு இல்ல, அங்க கிடைச்ச உத்வேகம்தான்னு வந்துச்சு. அதே 2007-ல ஃபியோனா வில்சன் குழு, எம்பிஏ மாணவர்கள்ல இந்தக் கல்வி தன்னம்பிக்கைய ஏத்துறது ஆண்கள விடப் பெண்களுக்குத்தான் அதிகம்னு காட்டினாங்க. இன்னொரு பக்கம், நெதர்லாந்துல ஊஸ்டர்பீக் குழு 2010-ல வெளியிட்ட ஆய்வு, மாணவர்கள் ஒரு வருஷம் குட்டி கம்பெனி நடத்துற திட்டம், முடிவுல தொழில் ஆரம்பிக்கிற எண்ணம் கூடலைங்கிறது மட்டுமில்ல, குறைஞ்சிருக்கு. இதைப் படிச்சுட்டு நிறைய ஆசிரியர்கள் மனசு ஒடஞ்சு போறாங்க. எனக்கு அப்படித் தோணல, தொழில்னா என்ன பாடுன்னு கிட்டத்துல பார்த்துட்டு, இது எனக்கில்லன்னு இருபது வயசுல ஒருத்தன் தெரிஞ்சுக்கிட்டா அதுவும் அந்தப் பாடம் கொடுத்த நல்லதுதான், முப்பத்தஞ்சு வயசுல வீட்ட அடமானம் வெச்சுட்டுத் தெரிஞ்சுக்கிறத விட எவ்வளவோ மேல்.

வீட்டுக்கு வருவோம், நீங்க அண்ணனோ அக்காவோ, உங்களுக்கு இது தெரியணும். அப்பா அம்மா தொழில் பண்ணியிருந்தா பிள்ளையும் பண்ண வாய்ப்பு அதிகம்ங்கிறது பழைய சேதி. அது ரத்தத்துல வர்றதா, பார்த்துப் பார்த்து வர்றதாங்கிறதுக்கு ஸ்வீடன்ல தத்துப் பிள்ளைகள வெச்சு லிண்ட்க்விஸ்ட், சோல், வான் ப்ராக் மூணு பேரும் 2015-ல ஒரு அருமையான ஆய்வு போட்டாங்க. பெத்தவங்க பக்கத்துப் பங்கு இருக்கு, ஆனா வளர்த்தவங்க பக்கத்துப் பங்கு அதைவிட ரெண்டு மடங்கு. அதாவது வீட்டுல ஒருத்தர் பேரம் பேசுறத, நஷ்டம் வந்தும் மறுநாள் எழுந்து போறத பார்த்து வளர்ந்தா, அது செத்துப்போற அளவு பயங்கரம் ஒண்ணும் இல்லன்னு பிள்ளைக்கு உள்ளுக்குள்ள பதிஞ்சிடுது. உங்க வீட்டுல அப்படி யாரும் இல்லன்னா தம்பிக்கு வழி அடைஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்ல, அந்த இடத்துல வேற யாராவது வேணும், ரெண்டு மூணு வருஷம் மூத்த சீனியர் ஒருத்தர் கூடப் போதும், ஏன்னா உலகத்துப் பெரிய பணக்காரர விட நம்ம லேப்ல உக்காந்து அதே பரீட்சைல அரியர் வெச்ச ஒருத்தன் பண்ணிக் காட்டினாத்தான் நம்மாலயும் ஆகும்னு மனசு ஒத்துக்கும்.

வீட்டாளுங்க என்ன நினைப்பாங்கங்கிற பயம் பத்தி ஒண்ணு. அய்சனோட மூணு காரணத்துல இந்தச் சமூக அபிப்ராயம்தான் பலவீனமா நிக்குதுன்னு க்ரூகர் குழு 2000-ல மாணவர்கள்கிட்ட பண்ணின ஆய்வுல வந்துச்சு. ஆனா லினானும் சென்னும் 2009-ல ஸ்பெயின், தைவான் மாணவர்கள வெச்சுப் பார்த்தப்ப, அது நேரா வேலை செய்யாம மத்த ரெண்டு வழியா வேலை செய்யுதுன்னு காட்டினாங்க. எனக்கு இது நிஜம்னு படுது. அப்பா வேண்டாம்னு சொன்னதால நின்னவன் கம்மி. ஆனா அப்பா தினமும் உன்னால எங்க ஆகப்போகுதுன்னு சொல்லிச் சொல்லி, கடைசில பையனுக்கே என்னால ஆகாதுன்னு தோணிப்போய் நின்னவங்க நிறைய. டெல் கம்ப்யூட்டர் கம்பெனிய ஆரம்பிச்ச மைக்கேல் டெல் வீட்டுல அவரு டாக்டர் ஆகணும்னுதான் ஆசைப்பட்டாங்க, அவரு 1984-ல டெக்சாஸ் யுனிவர்சிட்டில முதல் வருஷம் படிக்கும்போது ஹாஸ்டல் ரூம்ல கம்ப்யூட்டர் பாகங்கள மாத்தி வித்துட்டு இருந்தாரு, 1,000 டாலர் முதலீட்டுல கம்பெனிய பதிவு பண்ணிட்டுத்தான் அந்த வருஷப் படிப்போட வெளிய வந்தாரு. இதுல எல்லாரும் படிப்ப விட்டதத்தான் பேசுவாங்க, விடறதுக்கு முன்னாடியே வாங்குற ஆளுங்க வந்துட்டு இருந்தாங்கங்கிறதுதான் கவனிக்க வேண்டியது.

நண்பர்கள் விஷயத்துல ஒரு ஆச்சரியம் இருக்கு. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல்ல மாணவர்கள செக்‌ஷன் செக்‌ஷனா பிரிச்சு உக்காரவெப்பாங்க, யாரு எந்த செக்‌ஷன்னு அவங்க கைல இல்ல. லெர்னரும் மால்மெண்டியரும் அதை வெச்சு 2013-ல வெளியிட்ட ஆய்வுல, ஏற்கெனவே தொழில் நடத்திட்டு வந்தவங்க அதிகமா இருக்குற செக்‌ஷன்ல இருந்து பின்னாடி தொழில் ஆரம்பிச்சவங்க கூடல, குறைஞ்சாங்க. யாரு குறைஞ்சாங்கன்னு பார்த்தா, ஆரம்பிச்சிருந்தா தோத்திருக்கக்கூடியவங்க. பக்கத்துல அனுபவப்பட்டவன் இருந்தா, மச்சி இது ஓடாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவான். உந்துதலுக்கு அந்த மாதிரி ஆளும் தேவை, சும்மா கைதட்டுற பத்து பேரு ஆபத்து.

கட்டாயத்துல தொழிலுக்கு வர்றவங்களும் உண்டு, 1999-ல இருந்து நடக்குற ஜெம்ங்கிற உலகளாவிய ஆய்வு ரொம்ப வருஷமாவே வாய்ப்பப் பார்த்து வர்றவங்க, வேற வழியில்லாம வர்றவங்கன்னு பிரிச்சுக் காட்டிட்டு வந்திருக்கு. கடைசி வருஷத்துல வேலை கிடைக்காத பயத்துல ஆரம்பிக்கிற மாணவர்கள இதுல சேர்க்கலாம். அதை மட்டமா நினைக்காதீங்க, ஷாபெரோ சொன்ன பாதைய மறிக்கிற சம்பவம் இதுவாவும் இருக்கலாம். நான் பார்க்குறது ஒண்ணே ஒண்ணு, நடுவுல ஒரு நல்ல வேலை வந்து கதவத் தட்டினா அவன் முகம் எப்படி மாறுதுன்னு. அப்பாடான்னு கெளம்பினா சரி, போகட்டும். ஐயோ இதை இப்ப விடணுமான்னு ஒரு தவிப்பு வந்தா உள்ள வேற ஒண்ணு முளைச்சிருக்குன்னு அர்த்தம்.

துணிச்சல் பத்தியும் ஒரு தப்பான எண்ணம் இருக்கு, தொழிலுக்குப் போறவன்னா சூதாடி மாதிரி எல்லாத்தையும் வெச்சு ஆடுறவன்னு. டேவிட் மெக்கிலெலண்டுன்னு ஒரு உளவியலாளர், சாதிக்கணும்ங்கிற வேட்கை பத்தி 1961-லயே விரிவா எழுதினவரு. ஒரு குச்சிய நட்டு வளையம் வீசுற விளையாட்டு வெச்சாங்க, எங்க நின்னு வீசுறதுங்கிறது வீசுறவங்க இஷ்டம். வேட்கை அதிகமா இருந்தவங்க குச்சிக்குப் பக்கத்துலயும் நிக்கல, ரொம்பத் தள்ளியும் நிக்கல, கஷ்டமாவும் இருக்கணும் கொஞ்சம் முயற்சி பண்ணினா விழவும் செய்யணும்ங்கிற நடுத் தூரத்துல நின்னாங்க. சரஸ்வதின்னு ஒரு பேராசிரியை 2001-ல எழுதினதுலயும் இதோட சாயல் இருக்கு, அனுபவப்பட்ட தொழில்முனைவோர் எவ்வளவு லாபம் வரும்னு கணக்குப் போட்டு இறங்குறதில்ல, போனா எவ்வளவு வரைக்கும் என்னால தாங்க முடியும்னு பார்த்துட்டு இறங்குறாங்கன்னு. மாணவனுக்கு இதுல ஒரு வசதி இருக்கு, குடும்பச் சுமை இல்ல, போனா பெரும்பாலும் நேரம்தான் போகும், கடன் வாங்காத வரைக்கும்.

கடைசியா, எனக்கு ரொம்பப் பிடிச்ச உந்துதல், பிரச்சினை மேல இருக்குற பிடிவாதம். கூகுள ஆரம்பிச்ச லாரி பேஜும் செர்கே பிரினும் அப்ப ஸ்டான்ஃபோர்டுல பிஎச்டி மாணவர்கள், 1996-ல அவங்க பேக்ரப்னு ஒரு ஆராய்ச்சித் திட்டம் பண்ணினாங்க, ஒரு இணையப் பக்கத்துக்கு வேற எத்தனை பக்கங்கள்ல இருந்து இணைப்பு வருதுங்கிறத வெச்சு அதோட முக்கியத்துவத்த அளக்க முடியுமான்னு. 1998-ல ஆண்டி பெக்டோல்ஷைம்னு ஒரு முதலீட்டாளர் 1 லட்சம் டாலருக்கு செக் எழுதிக் கொடுத்தப்ப கூகுள்ங்கிற கம்பெனியே இன்னும் பதிவாகல, போட பேங்க் கணக்கு இல்ல. அடுத்த வருஷமே பேஜும் பிரினும் கூகுள எக்ஸைட்டுங்கிற இணையத் தேடல் கம்பெனிக்கு சுமார் 10 லட்சம் டாலருக்கு வித்துடலாம்னு பார்த்தாங்க, எக்ஸைட்காரங்க வேண்டாம்னுட்டாங்க. தொழிலதிபர் ஆகணும்னு கனவு கண்டவங்க பண்ற காரியமா இது? கேள்விய விட முடியல, அதுக்குத் தொழில் ஒரு வழியா வந்து சேர்ந்துச்சு, அவ்வளவுதான்.

அதனால தம்பிய நீங்க காசா, வேகமா, நிஜமான்னு விசாரணை பண்ண வேண்டாம், மூணும் கலந்துதான் இருக்கும், இருபது வயசுல யாருக்கும் அது சுத்தமாப் பிரியாது. அவசரமும் இல்ல, அஸூலே குழு அமெரிக்காவுல பண்ணின ஆய்வு 2020-ல வந்துச்சு, புது கம்பெனிகள்ல ஆயிரத்துல ஒண்ணுங்கிற அளவு ரொம்ப வேகமா வளர்ந்தத மட்டும் எடுத்துப் பார்த்தா, ஆரம்பிச்சப்ப நிறுவனர்களோட சராசரி வயசு 45. வேலைக்குப் போயிட்டு வந்தாலும் ரயில் போயிடாதுன்னு அவனுக்கும் சொல்லுங்க, வீட்டுக்கும் சொல்லுங்க.

அவன்கிட்ட ராத்திரி சாப்பிட்டு முடிச்சு நிதானமா இருக்கும்போது என்ன பண்ணப்போறன்னு கேக்காம, யாருக்காகப் பண்ணப்போறன்னு கேளுங்க. காலேஜ் பசங்களுக்கு, மக்களுக்குன்னு பொதுவா சொன்னா, அதுல ஒருத்தர் பேரு சொல்லுன்னு கேளுங்க. பேரு வந்துச்சுன்னா அவங்ககிட்ட கடைசியா எப்பப் பேசின, என்ன சொன்னாங்கன்னு கேளுங்க, வரலன்னா திட்டாதீங்க, அந்தப் பேர கண்டுபிடிக்கிறதுதான் அவனோட முதல் வேலைன்னு சொல்லுங்க. கோல்விட்சர்னு ஒரு உளவியலாளர் 1999-ல சொன்னது எனக்கு நடைமுறைல ரொம்ப உதவியிருக்கு, பண்ணணும்னு நினைச்சா மட்டும் போதாது, எந்த நாள், எந்த இடத்துல, எப்படின்னு முன்னாடியே முடிவு பண்ணி வெச்சவங்கதான் அதிகமா செஞ்சு முடிக்கிறாங்க. அதனால வர்ற சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு யாரப் பார்க்கப்போறான்னு அவனையே ஒரு தாள்ல எழுதச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை நீங்க கேக்காமலே அவன் வந்து அங்க நடந்தத சொல்ல ஆரம்பிச்சான்னா, இடையில நிறுத்தாம முழுசா கேளுங்க.